ஒரே ரசாயனம், ஆண் சிசுவுக்கு ஒரு விதம், பெண் சிசுவுக்கு வேறு விதம்: ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தங்கை நான்கு மாதக் கர்ப்பிணி. பிளாஸ்டிக்கிலும் வாசனைப் பொருட்களிலும் இருக்கிற சில ரசாயனங்கள் ஹார்மோன்களைக் குலைத்து வயிற்றுக் குழந்தையின் மூளையைப் பாதிக்கும், அதுவும் ஆண் குழந்தையை ஒரு மாதிரியும் பெண் குழந்தையை வேறு மாதிரியும் பாதிக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். உண்மையா? யாருக்கு ஆபத்து அதிகம்? வீட்டில் எதை மாற்ற வேண்டும்?

பாதிப்பு ஆண் பெண் என்று மாறுபடுவது உண்மைதான். விலங்குகளில் இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். மனிதக் குழந்தைகளிலும் அதற்கான அடையாளங்கள் இருக்கின்றன. ஆனால் 'யாருக்கு அதிகம்' என்பதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. எந்த ரசாயனம், கர்ப்பத்தின் எந்த வாரம், பிறகு குழந்தையிடம் எதை அளந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும், சில சமயம் தலைகீழாகவே மாறும். ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் காணொளிகளில் வரும் பாதிப் பயம் தானாகவே போய்விடும். மீதிப் பாதி நியாயமான கவலை.

விஷயம் 1959-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் யங் என்பவரின் ஆய்வகத்தில் கர்ப்பமான கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்த பிறகு பெண் கினிப்பன்றிக்குரிய இணைசேரும் நடத்தையைக் குறைவாகவும், ஆணின் நடத்தையை அதிகமாகவும் காட்டின. வளர்ந்த பெண்ணுக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தால் இப்படி நிரந்தர மாற்றம் வருவதில்லை, மருந்து நின்றால் விளைவும் நின்றுவிடும். வீடு கட்டும்போது சுவருக்குள் ஒயரிங் குழாய் பதிப்பது ஒன்று, குடியேறிய பிறகு சுவிட்சைத் தட்டுவது வேறொன்று. கருவில் இருக்கும்போது ஹார்மோன் செய்வது முதல் வேலை. பூச்சு பூசிய பிறகு குழாயின் வழியை மாற்ற முடியாது.

அந்த ஒயரிங்கை 1978-இல் கலிஃபோர்னியாவில் ரோஜர் கோர்ஸ்கியின் குழு கண்ணுக்கு நேராகக் காட்டியது. எலியின் மூளையடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஒரு சின்ன நரம்புக்கூட்டம் இருக்கிறது. ஆண் எலியில் அது பெண் எலியில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிது. மூளையைச் சீவிச் சாயம் ஏற்றிவிட்டால் நுண்ணோக்கி இல்லாமலே வித்தியாசம் தெரியும், அவ்வளவு பெரிது. பிறந்த சமயத்தில் பெண் குட்டிக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் அந்தக் கூட்டம் பெரிதாகிறது. ஆண் குட்டியிடமிருந்து அந்த ஹார்மோனை எடுத்துவிட்டால் சிறுத்துப்போகிறது. இரண்டிலும் ஆரம்பத்தில் செல்கள் இருக்கின்றன. ஹார்மோன் இல்லாத மூளையில் அவற்றில் பல செத்து மடிகின்றன, ஹார்மோன் இருக்கும் மூளையில் தப்பிக்கின்றன.

இதற்குள் ஒரு வேடிக்கை உண்டு. எலியின் மூளையில் இந்த வேலையைச் செய்வது நேரடியாக டெஸ்டோஸ்டீரோன் இல்லை. அது மூளைக்குள் போனதும் அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. 'பெண் ஹார்மோன்' என்று நாம் பள்ளியில் படித்த அதே ஈஸ்ட்ரடையால்தான் எலியின் மூளையை ஆண் மூளையாக்குகிறது! அப்படியென்றால் தாயின் உடம்பில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் வயிற்றில் இருக்கும் பெண் குட்டிகளை எல்லாம் ஆண் மூளையோடு பிறக்க வைத்திருக்க வேண்டுமே? வைப்பதில்லை. காரணம், குட்டியின் இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் என்ற ஒன்று நிறைய இருக்கிறது. அது ஈஸ்ட்ரடையாலைப் பிடித்து வைத்துக்கொண்டு மூளைக்குள் விடுவதில்லை. அந்தப் புரதம் இல்லாமல் மரபணு மாற்றிய சுண்டெலிகளில் பெண் குட்டிகளின் மூளை ஆண் பக்கம் சாய்ந்துவிடுவதை 2006-இல் காட்டினார்கள்.

ரசாயனங்கள் நுழையும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் இயற்கை ஈஸ்ட்ரடையாலை இறுகப் பிடிக்கும், ஆனால் செயற்கை ஈஸ்ட்ரோஜன்களை அப்படிப் பிடிக்காது. பிஸ்பீனால் ஏ, அதாவது பிபிஏ, அந்த வகை. 1930-களில் சார்ல்ஸ் டாட்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி செயற்கை ஈஸ்ட்ரோஜன் தேடிக்கொண்டிருந்தபோது பரிசோதித்த பொருட்களில் அதுவும் ஒன்று. மருந்தாக அது தேறவில்லை. 1938-இல் அவர் குழு செய்த டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் மருந்தாக வந்தது. பிபிஏ பின்னாளில் பிளாஸ்டிக் தொழிலுக்குப் போனது. ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்று முதலிலேயே தெரிந்த ஒரு பொருளில் பால் பாட்டில் செய்திருக்கிறோம் என்பதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் ரசாயனம் ஒரு எலிக் குடும்பத்துக்குள் போகிறது. ஆண் குட்டியின் மூளையில் ஏற்கெனவே ஈஸ்ட்ரடையால் நிறைய இருக்கிறது, கூடக் கொஞ்சம் சேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் வராமல் போகலாம். பெண் குட்டிக்கு அந்த நேரத்தில் வரவே கூடாத சமிக்ஞை வருகிறது. ஆக அடி பெண்ணுக்கு. மாறாக, டெஸ்டோஸ்டீரோனைத் தடுக்கும் ரசாயனம் போனால், இழப்பதற்கு நிறைய வைத்திருப்பது ஆண் குட்டிதான். தைராய்டைக் குலைக்கும் ரசாயனம் என்றால் இருவருக்கும் பொதுவான அடித்தளத்திலேயே கை வைக்கிறது. ஒரே வீட்டில் இந்த மூன்று வகையும் ஒன்றாக இருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சரி, நாம் எலி இல்லையே. இந்தத் துறையைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மனிதரின் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் ஈஸ்ட்ரடையாலை அப்படிப் பிடித்து வைப்பதில்லை. மனித மூளையில் டெஸ்டோஸ்டீரோன் பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் ஏற்பிகள் (டெஸ்டோஸ்டீரோன் போன்ற ஆண் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் செல் புரதங்கள்) வழியாக நேரடியாகவே வேலை செய்கிறது என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. சிலர் ஆண்களுக்குரிய எக்ஸ் ஒய் குரோமோசோமோடு பிறக்கிறார்கள், டெஸ்டோஸ்டீரோனும் சுரக்கிறது, ஆனால் அதை ஏற்கும் ஏற்பி முழுமையாகச் செயலற்றுப் போயிருக்கும். அவர்கள் உடம்பு அந்த டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றவும் செய்கிறது. எலிக் கணக்குப்படி அவர்களின் நடத்தை ஆண் பக்கம் சாய வேண்டும். உண்மையில் பெரும்பாலும் பெண்களாகவே வளர்கிறார்கள், விளையாட்டும் விருப்பங்களும் அப்படியே. இன்னொரு பக்கம், பிறவியிலேயே அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜனை அதிகம் சுரக்கும் பெண் குழந்தைகள் கார், லாரி பொம்மைகளோடு மற்றப் பெண் குழந்தைகளைவிட அதிகம் விளையாடுகிறார்கள் என்று 1992-இல் ஷெரி பெரன்பாமும் மெலிசா ஹைன்ஸும் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

எனவே பிபிஏ கொடுத்த எலியில் பெண் குட்டி இப்படி ஆனது, ஆகையால் உங்கள் மகளும் அப்படி ஆவாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலி நமக்குச் சொல்வது, ஹார்மோன்கள் மூளையைக் கட்டுகின்றன, கட்டும் நேரம் குறுகியது, அந்த நேரத்தில் குறுக்கே வருவது ஆண் பெண்ணுக்கு ஒரே விளைவைத் தராது என்பது வரைக்கும்தான். எந்தப் பக்கம் சாயும் என்பதை மனிதக் குழந்தைகளிடம்தான் கேட்க வேண்டும்.

மனிதக் கருவில் அந்த நேரம் எப்போது? ஆண் சிசுவின் விரைகள் சுமார் எட்டாவது வாரத்தில் டெஸ்டோஸ்டீரோன் சுரக்கத் தொடங்குகின்றன. நான்காவது மாதத்தை ஒட்டி உச்சம். 24-ஆவது வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். பிறந்த பிறகு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை ஏறி இறங்கும், அதைக் குட்டிப் பருவமடைதல் என்பார்கள். பெண் சிசுவுக்கு இந்த ஏற்றம் இல்லை. ஆக முதல் ஆறு மாதத்தில் ஆண் சிசுவும் பெண் சிசுவும் ஒரே தாய் வயிற்றில் இருந்தாலும் வேறு வேறு ஹார்மோன் சூழலில் வளர்கின்றன.

டெஸ்டோஸ்டீரோனைத் தடுக்கும் வகைக்கு நல்ல உதாரணம் தாலேட்கள். பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி மெத்தென்று ஆக்கவும், வாசனைத் திரவியத்தின் மணம் சீக்கிரம் பறந்துவிடாமல் பிடித்து வைக்கவும் சேர்க்கிறார்கள். கருவில் இருக்கும் ஆண் எலியின் விரையில் டெஸ்டோஸ்டீரோன் உற்பத்தியை இவற்றில் சில நேரடியாகக் குறைக்கின்றன. ஷானா ஸ்வான் என்ற அமெரிக்கத் தொற்றுநோயியல் அறிஞரின் குழு கர்ப்பிணிகளின் சிறுநீரில் தாலேட்களின் எச்சத்தை அளந்து வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தைகள் மூன்றரை முதல் ஆறரை வயதுக்குள் இருக்கும்போது பெற்றோரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தது. 74 பையன்கள், 71 பெண்கள். குழந்தை எதை வைத்து விளையாடுகிறது, சண்டை விளையாட்டு உண்டா, பொம்மைக்கு உடை மாட்டுமா என்பது போன்ற கேள்விகள். தாய்க்கு டிஇஹெச்பி, டிபிபி என்ற இரண்டு தாலேட்களின் எச்சம் அதிகம் இருந்த பையன்களுக்கு 'ஆண் பிள்ளை விளையாட்டு' மதிப்பெண் குறைந்திருந்தது. பெண் குழந்தைகளில் அப்படித் தொடர்பு இல்லை. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: பையன் பொம்மை வைத்து விளையாடினால் ஊக்குவிப்பீர்களா, தடுப்பீர்களா என்று பெற்றோரையும் கேட்டு, அந்த மனப்போக்கையும் கணக்கில் சேர்த்தார்கள். வீட்டின் வளர்ப்பை ரசாயனத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது இல்லையா?

ஆனாலும் 145 குழந்தைகள் என்பது சின்ன எண்ணிக்கை. அந்தப் பையன்களின் மதிப்பெண் குறைந்ததே தவிர அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. பொம்மையோடு விளையாடுவது கோளாறும் இல்லை. ஹார்மோன் சமிக்ஞை எங்கோ கொஞ்சம் மாறியிருக்கிறது என்று காட்டும் அளவுகோலாக மட்டுமே ஆய்வாளர்கள் விளையாட்டைப் பயன்படுத்துகிறார்கள். யூடியூபில் இதை எடுத்து 'பிளாஸ்டிக் நம் பிள்ளைகளைப் பெண்மையாக்குகிறது', 'ஓரினச் சேர்க்கையாளராக்குகிறது' என்று ஓட்டுகிறார்கள். அதற்கு மனித ஆதாரம் கிடையாது. அட்ரசின் என்ற களைக்கொல்லி ஆண் தவளைகளிடம் பெண் தன்மையை உண்டாக்கியதை மனிதரின் பாலீர்ப்போடு முடிச்சுப் போடுவதும் அந்த ரகம்தான்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் குழந்தைகளிடம் ஆணும் பெண்ணும் எதிரெதிர்த் திசையில் போகும் இன்னும் தெளிவான ஒரு முடிவு கிடைத்தது. பிசிபி என்பவை பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்தவை. கொழுப்பில் தங்கி, பல வருடம் உடம்பை விட்டுப் போகாதவை. தாய்க்கு அவை அதிகம் இருந்தபோது, பள்ளி வயதில் பையன்களின் விளையாட்டில் ஆண் சாயல் குறைந்தது, பெண் குழந்தைகளின் விளையாட்டில் ஆண் சாயல் கூடியது. 2002-இல் வெளிவந்த முடிவு இது. இந்த ஆய்வில் ஆண் பெண்ணைப் பிரிக்காமல் எல்லாக் குழந்தைகளையும் ஒரே குவியலாகப் போட்டுச் சராசரி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று ஏற, ஒன்று இறங்க, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யத்தை ஒட்டி நின்றிருக்கும். 'பாதிப்பு எதுவும் இல்லை' என்று அறிக்கை எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே முக்கியமானது இதுதான். ஆண் பெண் வித்தியாசம் என்பது பட்டியலின் கடைசியில் சேர்க்கும் கூடுதல் தகவல் இல்லை. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பாதிப்பே கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். நெடுங்காலம் நரம்பியல் சோதனைகளில் ஆண் விலங்குகளையே அதிகம் பயன்படுத்தினார்கள், பெண் விலங்கின் ஹார்மோன் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2016 ஜனவரியிலிருந்துதான் இரு பாலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு தன்னிடம் நிதி கேட்பவர்களைக் கட்டாயப்படுத்தியது. அதற்கு முன் வந்த 'பாதுகாப்பானது' என்ற முடிவுகளை நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் படிப்பேன்.

அப்புறம் பிபிஏ. இங்கே கதை சிக்கலாகிறது, அதை மறைக்காமல் சொல்வதே நேர்மை. சின்சினாட்டியில் நடந்த ஆய்வில் கர்ப்பிணிகளின் சிறுநீரை 16-ஆவது வாரம், 26-ஆவது வாரம், பிரசவ சமயம் என்று மூன்று முறை எடுத்தார்கள். 2011-இல் வந்த முடிவில் 244 தாய்களின் குழந்தைகள் மூன்று வயதில் பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். தாய்க்குப் பிபிஏ அதிகம் இருந்த பெண் குழந்தைகளிடம் பதற்றமும் சோர்வும் கூடுதல், உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். பையன்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. அடுத்த வருடமே நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 198 குழந்தைகளை வைத்து வெளியிட்ட முடிவு நேர் எதிர்: அதிக பிபிஏ இருந்த பையன்களிடம் முரட்டுத்தனமும் உணர்ச்சிக் கொந்தளிப்பும் கூடுதல், பெண் குழந்தைகளிடம் அந்த மதிப்பெண்கள் குறைவு.

எது சரி? இரண்டும் ஒழுங்காகச் செய்த ஆய்வுகள்தான். ஆனால் சின்சினாட்டியில் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்தே அளந்தார்கள், நியூயார்க்கில் கடைசி மூன்று மாதத்தில். டெஸ்டோஸ்டீரோன் உச்சத்தை ஒட்டிய வாரங்களும் அது அடங்கிப்போன வாரங்களும் மூளைக்கு ஒன்றல்ல. அதோடு, பிபிஏ உடம்பில் தங்காது, சில மணி நேரத்தில் பாதி சிறுநீரில் போய்விடும். காலையில் டப்பா உணவு சாப்பிட்டவருக்கு மதியம் ஏறியிருக்கும், மறுநாள் இறங்கியிருக்கும். ஒன்றிரண்டு முறை எடுத்த சிறுநீரை வைத்து ஒன்பது மாதத்தைச் சொல்வது மங்கலான படம்தான். அமெரிக்காவில் 2003-04-இல் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்ததில் 92.6 விழுக்காட்டினரின் சிறுநீரில் பிபிஏ இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க 'பிபிஏ படாத கர்ப்பிணி' என்று ஒருவரைத் தேடிப்பிடிப்பதே கஷ்டம்.

ஆக பிபிஏ விஷயத்தில் 'ஆண் பெண்ணுக்கு வேறுபடுகிறது' என்பது திரும்பத் திரும்ப வருகிறது, 'எப்படி வேறுபடுகிறது' என்பது மட்டும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் தினசரி ஏற்கத்தக்க அளவை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக இறக்கியது, அதாவது 20,000 மடங்கு. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியக் காரணம் நோய் எதிர்ப்பு மண்டலம், மூளை இல்லை. அந்த எண்ணைக் காட்டி மூளை பாதிப்பு உறுதியாகிவிட்டது என்று சொல்பவர்களும் அவசரக்காரர்களே.

ஹார்மோன் ஏற்பி ஒன்றுதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். தாய் எலி ஆண் குட்டியின் பின்பக்கத்தைப் பெண் குட்டியைவிட அதிகம் நக்குகிறது. குட்டியின் சிறுநீர் வாசனை வழியாக டெஸ்டோஸ்டீரோன் அதைத் தூண்டுகிறது. அப்படி நக்குவதே ஆண் குட்டியின் பிற்கால இணைசேரும் நடத்தைக்கு ஒரு பங்கு தருகிறது என்று 1980-களில் சீலியா மூர் காட்டினார். ஒரு ரசாயனம் தாயின் அரவணைப்பையோ குட்டியின் வாசனையையோ மாற்றினால், மூளை செல்லைத் தொடாமலே மூளையை மாற்றிவிடும்.

'பிபிஏ இல்லை' என்ற ஸ்டிக்கரைப் பற்றியும் கேட்பீர்கள். பல இடங்களில் அதற்குப் பதிலாக வந்தது பிஸ்பீனால் எஸ். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் வரிக்குதிரை மீனின் கருவை மிகக் குறைந்த அளவு பிபிஏவிலும் பிஸ்பீனால் எஸ்ஸிலும் வளர்த்தார்கள். ஹைப்போதலாமஸில் அந்த நேரத்தில் பிறக்கக் கூடாத நரம்பு செல்கள் முன்கூட்டியே பிறந்தன: பிபிஏவில் 180 விழுக்காடு கூடுதல், பிஸ்பீனால் எஸ்ஸில் 240 விழுக்காடு. மீன்கள் பிறகு துறுதுறுவென்று ஓயாமல் நீந்தின. 2015-இல் வந்த இந்த ஆய்வில், விளைவு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வழியாக வரவில்லை, ஆண்ட்ரோஜன் ஏற்பியும் அரோமட்டேஸும் சேர்ந்த வழியில் வந்தது. 'ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் ரசாயனம்' என்று நாம் ஒட்டிய லேபிளே பாதிதான் சரி.

கலவையும் ஒரு பிரச்சினை. ஸ்வீடனில் கர்ப்பிணிகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் உண்மையில் இருந்த ரசாயனங்களை, அதே விகிதத்தில் ஆய்வகத்தில் கலந்து, மனித செல்லிலிருந்து வளர்த்த சின்ன மூளைத் திசுவிலும், தலைப்பிரட்டையிலும், மீனிலும் சோதித்தார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வு, ஹார்மோன் தொடர்பான மரபணுக்களின் செயல்பாடு கலைவதைக் கண்டது. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு எல்லை வைப்பது போதாது என்பது அதன் வாதம், எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதே ஸ்வீடன் குழந்தைகளில், தாய்க்கு இரண்டு வகைத் தாலேட் இரட்டிப்பானபோது குழந்தை பேசத் தாமதமாகும் வாய்ப்பு 25 முதல் 40 விழுக்காடு கூடியது என்று 2018-இல் சொன்னார்கள். பேச்சுத் தாமதம் என்றால் இரண்டரை மூன்று வயதில் 50 சொல்லுக்கும் குறைவு. மொத்தக் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்று அந்த வகை. ஆகவே வாய்ப்பு கூடினாலும் பெரும்பாலான குழந்தைகள் சரியான நேரத்தில்தான் பேசினார்கள். இதை உங்கள் தங்கையிடம் முதலில் சொல்லுங்கள்.

இனி வீட்டு விஷயம். இந்தியாவில் கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம். அதனால் 'ஆண் குழந்தை என்றால் இதை விடு, பெண் குழந்தை என்றால் அதை விடு' என்ற யோசனையே இங்கே எழவில்லை, எழவும் தேவையில்லை. விடுவது எல்லாமே ஒன்றுதான்.

சூடும் கொழுப்பும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது. டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கக் கவரில் ஊற்றிக் கொடுக்கும் பார்சலும், ஹோட்டல் சாம்பாரும் இதில் அடங்கும். கவர் செய்யும் பாலித்தீனில் பிபிஏ கிடையாது என்பது சரிதான், ஆனால் அதில் சேர்த்த மற்றப் பொருட்களும் அச்சு மையும் என்னென்ன என்று கடைக்காரருக்கே தெரியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தக் கவருக்குத் தடை இருந்தும் எல்லா முக்கிலும் தொங்குகிறது. தூக்குவாளியைக் கொடுத்து அனுப்புங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல பாலிகார்பனேட், அதாவது பிபிஏவில் செய்தவை. அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் பெரும்பாலும் அதுதான். வெயிலில் லாரியில் நின்று வந்த கீறல் விழுந்த கேனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், வந்த தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

கடை பில்லும் பஸ் டிக்கெட்டும் வெப்பத் தாளில் அச்சாகின்றன. அந்தப் பூச்சில் பிபிஏவோ அதன் தம்பிகளோ இருப்பது உண்டு. கையில் சானிடைசர் தடவிய உடனே பில்லைப் பிடித்தால் தோல் வழியாக அதிகம் ஏறுகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதில் ஒன்றும் இல்லை, நாள் முழுக்க பில் போடும் வேலை என்றால் கையுறை நல்லது. வாசனைப் பொருட்களில் அளவைக் குறைத்தாலே போதும். பாடி ஸ்பிரே, ரூம் ஸ்பிரே, வாசனை லோஷன் மூன்றும் சேர்ந்து தேவையா என்பதுதான் கேள்வி. மஞ்சளும் பயத்தமாவும் எல்லாவற்றுக்கும் மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தை பிறந்த பிறகு பொம்மை வாங்கும்போது இந்தியத் தர முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி முதல் அது கட்டாயம், தாலேட் சோதனைக்கும் அதில் தனிப் பகுதி இருக்கிறது. பால் பாட்டிலுக்கும் பிபிஏ கூடாது என்று 2015-லேயே தரக்கட்டுப்பாடு வந்துவிட்டது.

கடைசியாக, காணொளிகளில் யாரும் பேசாத ஒன்று. கருவின் மூளைக்கு முதல் பாதியில் தேவையான தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் வருகிறது, குழந்தையின் சொந்தச் சுரப்பி நான்கு ஐந்து மாதத்தில்தான் ஒழுங்காகக் கை கொடுக்கத் தொடங்கும். பிசிபி போன்றவை இந்த ஹார்மோனின் பாதையில்தான் குறுக்கே நிற்கின்றன. தாய்க்கு அயோடின் போதாமல் இருந்தால் தாங்கும் சக்தி இன்னும் குறையும். இது ஆண் குழந்தை, பெண் குழந்தை இருவருக்கும் பொருந்தும். 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில் போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விழுக்காடு மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. தூத்துக்குடியை வைத்துக்கொண்டு நாம் அந்த இடத்தில் இருக்கிறோம்! தங்கை வீட்டு அடுக்களையில் இருப்பது கல் உப்பாக இருந்தால், பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே மாற்றிவிடலாம், செலவும் சில ரூபாய்தான். முதல் மூன்று மாதத்தில் தைராய்டைப் பார்க்கும் டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் அந்த ரிசல்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், செய்யவில்லை என்றால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.